மகளின் படிப்பு பற்றி நீ கேட்டது

ஹட்டன்

அன்பு மச்சான் செல்வா,

கடிதம் கிடைத்தது. மகளுக்குப் பேராதனைப் பல்கலைக்கழகம் கிடைத்ததில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். அம்மா கோயிலில் அர்ச்சனைக்கே சொல்லிவிட்டார். விண்ணிலிருந்து வரும் காமா கதிர்களை ஆராயும் காமா கதிர் வானியல்தான் படிப்பேன் என்று பிள்ளை ஒற்றைக்காலில் நிற்கிறாள், அது சோறு போடுமா என்று கேட்டிருக்கிறாய். தாராளமாகப் படிக்க விடு மச்சான். அவள் படிக்கப்போகும் கருவியை வைத்துத்தான் என் குடும்பமும் சாப்பிடுகிறது.

நம்ம வேலை வெல்டிங் சோதனை. குழாயின் ஒரு பக்கம் காமா கதிர் வீசும் இரிடியம்-192, மறுபக்கம் ஃபிலிம். வெல்டிங்கில் வெடிப்பு இருந்தால் அந்த இடத்தில் கதிர் கூடுதலாகப் புகுந்து ஃபிலிமில் கறுப்பாக விழும். படம் எடுத்ததும் கேபிளைச் சுற்றி இரிடியத்தைக் கதிரைத் தடுக்கும் பெட்டிக்குள் இழுப்போம். அப்புறம் கதிரை அளக்கும் மீட்டரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் பெட்டியை நெருங்குவோம். உள்ளே போயிருக்கும் என்ற நம்பிக்கை போதாது, முள் இறங்கியதைப் பார்க்க வேண்டும். 1999இல் பெரு நாட்டின் யனாங்கோ நீர்மின் நிலையத்தில், கழன்று கிடந்த இரிடியத்தை இன்னதென்று தெரியாமல் கால்சட்டைப் பையில் போட்ட வெல்டர் ஒருவர் காலையே இழந்தார். புதிதாக வரும் பையன்களுக்கு முதலில் இதைத்தான் சொல்வேன்.

மீட்டர் கதிர் எவ்வளவு என்று மட்டும் சொல்லும். எதிலிருந்து வருகிறது என்று அறிய, ஒவ்வொரு கதிரின் ஆற்றலையும் அளக்க வேண்டும். அதற்குத்தான் சோடியம் அயடைட்டுப் படிகம். கதிர் பட்டால் அதில் சின்னதாக ஒளி தெறிக்கும், ஆற்றல் கூடினால் ஒளியும் கூடும். ஒருநாள் அதைத் தோட்டத்து உர ஸ்டோரில் எம்ஓபி என்ற பொட்டாசிய உர மூட்டைக்குப் பக்கத்தில் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் திரையில் 1,461 கிலோ இலத்திரன்வோல்ட் (கதிரின் ஆற்றலை அளக்கும் அலகு) இடத்தில் ஒரு மேடு எழுந்தது. பொட்டாசியத்தில் இயற்கையாகவே கொஞ்சம் கலந்திருக்கும், கதிர் வீசும் பொட்டாசியம்-40! பயப்படாதே, தேயிலைக்கு வழக்கமாகப் போடும் உரம்தான். அணு உலையில் உண்டாகும் சீசியம்-137 என்றால் மேடு 662இல் வந்திருக்கும். படிகத்துக்கு ஈரம் மட்டும் ஆகாது, பட்டால் மஞ்சளித்துவிடும். அதனால் காற்றுப் புகாமல் அலுமினியக் கூட்டில் அடைத்தே வரும். நம்ம ஊர்ப் பனிக்கு அந்தக் கூடு இல்லாமல் முடியாது.

இதே வகைப் படிகங்கள் பன்னிரண்டு, 2008இல் ஏவிய ஃபெர்மி விண்கலத்தில் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. விண்ணிலிருந்து திடீரென்று வந்து மறையும் காமா கதிர் வெடிப்புகளைக் கண்ட கதையும் அழகானது. யாராவது களவாக அணுகுண்டு வெடிக்கிறார்களா என்று பார்க்க அமெரிக்கா வேலா செயற்கைக்கோள்களை விட்டிருந்தது. 1967 ஜூலை 2ஆம் தேதி அவற்றில் ஒரு வெடிப்புப் பதிவானது, ஆனால் அணுகுண்டின் சாயல் இல்லை. பிறகும் இப்படிப் பல வந்தன. ஒவ்வொரு செயற்கைக்கோளுக்கும் கதிர் வந்துசேர்ந்த நேர வித்தியாசத்தை வைத்துத் திசை கணித்தால், பூமியும் இல்லை, சூரியனும் இல்லை. 1973இல்தான் உலகத்துக்குச் சொன்னார்கள். காவலுக்கு வைத்த கருவி புதிய வானியலையே திறந்துவிட்டது, பார்.

தூரம் போகவும் தேவையில்லை. லடாக்கின் ஹன்லேயில் சுமார் 4,300 மீட்டர் உயரத்தில், 21 மீட்டர் அகலக் கண்ணாடியோடு மேஸ் காமா தொலைநோக்கி நிற்கிறது. நம்ம நாட்டின் உயர்ந்த மலை பீதுருதாலகாலவே 2,524 மீட்டர்தான்.

பிள்ளையிடம் ஒன்று சொல். இலத்திரனியலையும் புள்ளிவிபரவியலையும் நன்றாகப் படிக்கட்டும். இரண்டும் கையில் இருந்தால் ஆஸ்பத்திரி, தொழிற்சாலை, ஆய்வுகூடம் எங்கேயும் வேலை செய்யலாம்.

உன் முழங்கால் வலி எப்படி? தைப்பொங்கலுக்கு எல்லோரையும் கூட்டிக்கொண்டு வா, படிகத்தைப் பிள்ளைக்கு நானே காட்டுகிறேன்.

அன்புடன்,
ரவி