லிப்ட் கெட்டதற்கு ஊர் ஆள்களா காரணம்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் வாசகர் பக்கத்தில் ஒரு பெரியவர் நம் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸைப் பற்றி வயிறெரிந்து எழுதியிருந்தார். ஊர் ஆள்கள், அதாவது தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வருகிறவர்கள், வந்து குவிந்துவிட்டார்கள், எந்தப் பக்கம் திரும்பினாலும் தெரியாத முகம், பழைய கட்டுப்பாடு மரியாதை எல்லாம் போச்சு, இனி இது நம் இடமே இல்லை என்று. படித்தபோது எனக்கும் தலை ஆடத்தான் செய்தது. நானும் அங்கேயே பிறந்து அங்கேயே தலை நரைத்தவன். ஆனால் கையிலிருந்த கோப்பி ஆறுவதற்குள் ஒரு சந்தேகம் வந்துவிட்டது, அதைத்தான் எழுதுகிறேன். நீளமாகப் போனால் வெட்டிக்கொள்ளுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

'நம் இடம்' என்கிறாரே, அது எப்போது நம் இடமாக இருந்தது?

1958இல் நான் பிறந்தது ரயில்வே குவாட்டர்ஸில். அப்பா ரயில்வே யார்டில் பாயிண்ட்ஸ்மேன், தண்டவாளம் மாற்றிவிடுகிற வேலை. ராத்திரி வேலைக்குக் கையில் விளக்கோடு போவார், விடியும்போது சட்டையெல்லாம் எண்ணெய் வாடையோடு வருவார். தெருவில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும், அது உண்மைதான். ஆனால் அந்த வீடு வேலையோடு வந்த வீடு, வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. 1979இல் அப்பாவுக்கு 55 வயது ஆனதும் சாவியைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லிக் கடிதம் வந்தது. கொடுக்கும் அன்று அம்மா தரையை இரண்டு தரம் கழுவிவிட்டார், யாரோ வந்து இருக்கப்போகிற வீட்டை ஏன் இப்படிக் கழுவுகிறாய் என்று அப்பா எரிந்து விழுந்தார். கழுவின ஈரம் காய்வதற்குள் அடுத்த குடும்பம் லோரியில் சாமானோடு வாசலில் நின்றது. ஈப்போ பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவர்கள், ஒரு தையல் மெஷினும் நாலு பிள்ளைகளும். அம்மா அவர்களைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. அந்தப் பெரியவர் கடிதத்தில் இருந்தது அதே பார்வைதான்.

கொஞ்சம் பின்னால் போனால் இன்னும் வேடிக்கை. 1881இல் கோலாலம்பூர் ஒரே வருஷத்தில் தீயிலும் வெள்ளத்திலும் அழிந்த பிறகு, அத்தாப்புக் குடிசை வேண்டாம், செங்கல்லில் கட்டுங்கள் என்று வெள்ளைக்காரன் சொல்ல, அந்தச் செங்கல் சூளைகள் இருந்த களம்தான் பிரிக்பீல்ட்ஸ். பிறகு ரயில் வந்தது. ரயிலோடு யாழ்ப்பாணத்துக் கிராணிமாரும் (குமாஸ்தாக்களும்) ஸ்டேஷன் மாஸ்டர்களும் வந்தார்கள், நம்ம பக்கத்துக் கூலி ஆள்களும் வந்தார்கள். ஸ்காட் சாலை கந்தசாமி கோயில் யாழ்ப்பாணத்தார் கட்டியது. அந்தக் காலத்தில் கிராணி வீட்டு வாசலில் கூலி வீட்டுப் பிள்ளை நின்று விளையாடினால் என்ன பேச்சு விழும் என்று என் தாத்தா கதை கதையாகச் சொல்வார், அதையெல்லாம் இங்கே எழுதினால் இன்றைக்கும் சிலருக்குக் கோபம் வரும்.

அடுத்து தோட்டத்து ஆள்கள். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றும், வீடமைப்புக்காரர்களுக்குக் கொடுத்தும் தொழிலாளர் குடியிருந்த லயங்களைக் காலி செய்தபோது சனங்கள் செந்தூலுக்கும் பூச்சோங்குக்கும் கிள்ளானுக்கும் எங்கள் பக்கத்துக்கும் வந்தார்கள். இன்றைக்குப் பணக்காரர் பேட்டையாக இருக்கும் பங்சாரே கித்தா (ரப்பர்) தோட்டம்தான், பெயர்கூட அந்தத் தோட்டத்து பெல்ஜியம் முதலாளிகளான பூஞ்ச், கிரிசார் இருவர் பெயரும் ஒட்டி வந்தது என்பார்கள். 1998 காமன்வெல்த் விளையாட்டு நடந்த புக்கிட் ஜாலிலும் அப்படித்தான். வந்தவர்களை நாங்கள் தலையில் வைத்துக் கொண்டாடினோமா? 'எஸ்டேட் ஆளு' என்பது அப்போது எங்கள் தெருவில் ஒரு வசவு. நானும் சொல்லியிருக்கிறேன், பொய் சொல்ல விரும்பவில்லை. நான் கட்டிக்கொண்டதே கோலசிலாங்கூர் பக்கத்துத் தோட்டத்துப் பெண்ணைத்தான். என் அக்கா அவள் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்க ஒரு வருஷம் ஆனது.

என் அம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஆறு வயதில், 1937இல், நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி வந்தவர். 2001இல் இறந்தார். அறுபத்து நாலு வருஷம் இந்த மண்ணில் சமைத்து, பிள்ளை பெற்று, வரிசையில் நின்று கட்டவேண்டியதைக் கட்டி, கடைசிவரை கையில் குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு ஐசி (அடையாள அட்டை) தான். தேர்தல் அன்று நாங்கள் எல்லாம் குளித்து உடுத்திக் கிளம்புவோம், அவர் வாசலில் நின்று சீக்கிரம் வந்துவிடுங்கள் என்று அனுப்பிவைப்பார். காகிதத்தில் அவர் சாகும்வரை வந்தேறிதான். தெருவில் அவரைவிடப் பழைய ஆள் கிடையாது.

சரி, இப்போதைய கதைக்கு வருகிறேன்.

நான் இருப்பது 17 மாடி அடுக்குமாடி ஒன்றில், வீடு சொந்தம், 90களில் வாங்கியது. பெயர் வேண்டாம். இரண்டு லிப்ட். ஒன்று ஓடுவதை நிறுத்தி இரண்டு வருஷம் ஆகிறது. இன்னொன்று போன வருஷம் ஐந்து வாரம் படுத்துவிட்டது. ஐந்து வாரம்! என் மாடியில் ஒரு அம்மாள், வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் போகிறவர், கீழே இறங்க நாற்பது நிமிஷம், ஏற ஒரு மணி நேரம். ஒவ்வொரு மாடி வளைவிலும் உட்கார ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு வைத்தோம். இரண்டாம் வாரமே மூன்று நாற்காலி காணாமல் போனது வேறு கதை.

ஆண்டுக் கூட்டத்தில் இதைக் கேட்டால் என்ன பதில் தெரியுமா? 'ஊர் பையன்கள் ஒரு வீட்டுக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள், அரிசி மூட்டையும் கேஸ் தோங்கும் (சிலிண்டரும்) ஏற்றி லிப்டைக் கெடுத்துவிட்டார்கள்.' எழுந்து நின்று சொன்னவர் பூச்சோங்கில் குடியிருக்கிறார். எங்கள் அடுக்குமாடியில் அவருக்கு இரண்டு வீடு, இரண்டிலும் அந்த ஊர் பையன்கள்தான் வாடகைக்கு இருக்கிறார்கள். இதை அவர் சொல்லும்போது யாரும் சிரிக்கவில்லை, அதுதான் எனக்கு அதிசயம்.

அப்புறம் கணக்குத் தாளை வாங்கிப் பார்த்தேன். லிப்ட் கம்பெனிக்குப் பாக்கி, அதனால் அவன் வரவில்லை. ஏன் பாக்கி என்றால் பராமரிப்புக் கட்டணம் வசூலாகவில்லை. யார் கட்டவில்லை? பட்டியலில் முக்கால்வாசி, இங்கே குடியிருக்காத வீட்டுக்காரர்கள். ஷா ஆலாமில் ஒருத்தர், கிள்ளானில் ஒருத்தர், ஆஸ்திரேலியாவில் பெர்த்தில் பேரப்பிள்ளை பார்த்துக்கொண்டு ஒருத்தர். பையன்கள் கொடுக்கும் வாடகைக்குள்ளேயே பராமரிப்புப் பணமும் சேர்த்துத்தான் வாங்குகிறார்கள், அது வழியில் எங்கேயோ நின்றுவிடுகிறது.

ஒரு நாள் ராத்திரி பன்னிரண்டரை இருக்கும், எனக்குத் தூக்கம் வராமல் கீழே நடந்துகொண்டிருந்தேன். கேட்டுக்கு வெளியே ஒரு பையன் அட்டையைத் தட்டித் தட்டிப் பார்க்கிறான், திறக்கவில்லை. இராமநாதபுரம் பக்கம், வாழை இலைச் சாப்பாட்டுக் கடை ஒன்றில் வேலை, கையில் இரண்டு பொட்டலம், மேலே இருப்பவர்களுக்கு. வீட்டுக்காரர் பாக்கி வைத்தால் அட்டையை முடக்கலாம், அந்த நடவடிக்கை வாடகைக்கு இருப்பவரையும் சேரும் என்று 2015ஆம் ஆண்டு ஸ்திராத்தா (அடுக்குமாடி வீட்டு நிர்வாக) விதிமுறையிலேயே இருக்கிறது. ஆக, கட்டாதவர் பூச்சோங்கில் மெத்தையில் தூங்குகிறார், கட்டியவன் கேட்டில் நிற்கிறான். போனைத் திறந்து மாசாமாசம் அனுப்பிய வாடகை ரசீதை ஒவ்வொன்றாக எனக்குக் காட்டினான், நான் ஏதோ அதிகாரி என்று நினைத்துவிட்டான் போல. 'எல்லாம் குடுத்துட்டேங்க ஐயா, பாருங்க' என்கிறான். என் அட்டையில் திறந்துவிட்டேன். ஒன்பதாவது மாடிக்குப் படியில்தான் ஏறினான், லிப்ட் அன்றைக்கும் இல்லை.

இவர்கள் எல்லாம் தங்கக் கம்பிகள் என்று சொல்ல வரவில்லை. நடு ராத்திரியில் மீன் பொரிப்பார்கள். வாசலில் பன்னிரண்டு ஜோடிச் செருப்பு, மேலே நடந்துதான் போகவேண்டும். வீடியோ காலில் ஊரோடு பேசினால் மொத்த மாடிக்கும் அவர்கள் வீட்டுச் சங்கதி தெரியும், யார் தங்கைக்கு என்ன வரன் வந்திருக்கிறது என்பது எனக்கே மனப்பாடம். இரண்டு தடவை சண்டை போட்டிருக்கிறேன். 'சரிங்க ஐயா' என்பார்கள், மறுநாள் மறுபடியும் மீன். 'பசியாறியாச்சா' என்று கேட்டால் இரண்டு வருஷமாகியும் விழிக்கிறான் ஒருத்தன், டிபன் என்றால்தான் அவனுக்குப் புரிகிறது. தாப்பாவ் (பொட்டலம் கட்டுவது) என்றால் மட்டும் முதல் வாரத்திலேயே புரிந்துவிட்டது, கடையில் வேலையாச்சே.

அந்தப் பெரியவர் எழுதியதில் ஒன்று எனக்குப் புரியவே இல்லை. பழைய பிரிக்பீல்ட்ஸ் போய்விட்டது என்கிறார், சரி. யார் கொண்டுபோனார்கள்? என் அப்பா விளக்கோடு நடந்த அந்த யார்டு, 72 ஏக்கர், அங்கேதான் கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையம் 2001இல் திறந்தது. 'நூறு குவாட்டர்ஸ்' என்ற பழைய அரசு ஊழியர் குடியிருப்பை இடித்தார்கள், நான் எதிர்ப் பக்கம் நின்று பார்த்தேன், என்னைப் போல பத்துப் பேர் போனில் படம் எடுத்தோம், அவ்வளவுதான் நாங்கள் செய்தது. 2010இல் வளைவு வைத்து லிட்டில் இந்தியா என்றார்கள், ஒருவழிப் பாதை ஆக்கினார்கள், கடை வாடகை ஏறியது, பல பழைய கடைகள் ஒவ்வொன்றாக மூடின. இதில் எது இராமநாதபுரத்துப் பையன் செய்தது? கேஎல் சென்ட்ரல் பக்கத்துக் கண்ணாடிக் கட்டடங்களில் நாற்பதாவது மாடியில் குடிவந்தவர்களும் புதுசுதான், அவர்களுக்கும் நம்மைத் தெரியாது. அவர்களைப் பற்றி யாரும் உங்கள் பத்திரிகைக்குக் கடிதம் எழுதி நான் பார்த்ததில்லை. மஞ்சள் ஓடு பதித்த பாதை பார்வையற்றவர்களுக்காகப் போட்டது, அதன்மேல் மேசை நாற்காலி போட்டு வியாபாரம் செய்கிற கடைகளில் ஒன்று என் பால்ய நண்பனுடையது. மூன்று தலைமுறை உள்ளூர் ஆள். கேட்டால் 'வேலைக்காரப் பையன் போட்டுட்டான்' என்கிறான்.

எங்கள் லிப்டுக்குள் (ஓடும்போது) ஒரு காகிதம் ஒட்டியிருந்தது, கையெழுத்தில், தமிழில்: 'அறை வாடகைக்கு. உள்ளூர் ஆள் மட்டும்.' ஐந்து வருஷத்துக்கு முன் என் மகன் வேலைக்குப் பக்கத்தில் அறை தேடினான். போனில் நன்றாகப் பேசுவார்கள், தமிழ்ப் பெயரைக் கேட்டதும் அறை போய்விட்டது என்பார்கள். அப்போது வீட்டில் நாங்கள் பேசாத பேச்சில்லை. அந்தக் காகிதத்தை நான்தான் கிழித்தேன். மறுநாள் புதிதாக ஒன்று இருந்தது, இந்தத் தடவை டேப் நன்றாகப் போட்டு.

இப்போது நான் கேட்பது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. 2013ஆம் ஆண்டு ஸ்திராத்தா நிர்வாகச் சட்டப்படி கூட்டத்தில் ஓட்டுப் போடுவது வீட்டுக்காரர்தான், பாக்கி வைத்தவருக்கு அதுவும் இல்லை. வாடகைக்கு இருப்பவருக்கு ஓட்டே கிடையாது, பத்து வருஷம் இருந்தாலும். ஆனால் அதே சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது: வீட்டுக்காரர் தனக்குப் பதிலாக ஒரு ஆளை எழுத்தில் நியமிக்கலாம், அந்த ஆள் வீட்டுக்காரராக இருக்கவேண்டிய அவசியமில்லை. ஒருத்தர் ஒரு வீட்டுக்காரருக்கு மட்டும்தான் அப்படி வரமுடியும், கட்டுக்கட்டாகப் பத்திரம் சேர்த்துக்கொண்டு வரமுடியாது. ஆகவே வெளியே போய்விட்ட என் பழைய அண்டைவீட்டுக்காரர்களே, பாக்கியைக் கட்டுங்கள், கட்டிவிட்டு அந்தத் தாளில் உங்கள் வீட்டில் இருக்கும் பையன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். தினமும் அந்தப் படியில் ஏறுகிறவன் வந்து கேட்கட்டும். எந்த லிப்ட் எந்த மாடியில் நிற்கிறது என்று உங்களைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும், செருப்பைப் பற்றி அவனை நேராகக் கேட்க எனக்கும் ஒரு இடம் கிடைக்கும். எங்கள் நிர்வாகக் குழுவில் இரண்டு பேர் இதைக் கேட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், 'நாளைக்கு அவனுங்க நம்மள ஆள ஆரம்பிச்சிடுவானுங்க' என்று ஒருத்தர் சொன்னார். அவர் தாத்தாவும் என் அம்மா வந்த அதே கப்பலில்தான் வந்தவர்.

கூட்டம் அடுத்த மாதம் இரண்டாம் ஞாயிறு, காலை பத்து மணி, கீழ்த்தள மண்டபம். தாளை 48 மணி நேரத்துக்கு முன்பே கொடுத்துவிட வேண்டும், அதாவது வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குள், வியாழக்கிழமையே போட்டுவிட்டால் நல்லது. லிப்ட் அன்றைக்கு ஓடுமா என்று சொல்ல முடியாது, பத்தாவது மாடிக்கு மேலே இருப்பவர்கள் ஒன்பதரைக்கே இறங்க ஆரம்பித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
பழைய ரயில்வே வீட்டுப் பிள்ளை ஒருவன்,
பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்