உப்புப் பாலத்துக்கு அடியில்

அன்புள்ள வசு,

ஊர் திரும்பியதும் எழுதுகிறேன் என்று சொன்னேன். திரும்பி மூன்று வாரம் ஆகிவிட்டது. நீ கோபமாக இருப்பாய், இருக்க வேண்டியதுதான். இங்கே எல்லாரும் நலம். அம்மாவின் முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. மாலா உன்னை விசாரித்தாள். அந்த மூன்றாவது கால்துடுப்பு இன்னும் உன்னிடம்தான் இருக்கிறது என்று அடித்துச் சொல்கிறாள். நான் அந்த வழக்கில் தலையிடப் போவதில்லை.

எழுதாமல் இருந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன். இப்போதே கடைசிப் பக்கத்தைப் புரட்டாதே, உன் புத்தி எனக்குத் தெரியும்.

புறப்படும் முன் போனில் கேட்டாயே, "அவ்வளவு தூரம் போய்க் கப்பல் பாலத்துக்கு அடியில் என்னடி பார்க்கப் போகிறாய், துருவும் எண்ணெயுமா?" என்று. அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கு நாலு பக்கத்துக்கு இருக்கிறது, உட்கார்ந்து படி.

பொனேர் கரீபியன் கடலில் வெனிசுவேலாவுக்கு வடக்கே கிடக்கிற சின்னத் தீவு. நெதர்லாந்தைச் சேர்ந்தது, ஆனால் கையில் புழங்குவது டாலர். அங்கே முங்குவதற்குப் படகே தேவையில்லை. வண்டியில் மூச்சுக்காற்றுச் சிலிண்டரைப் போட்டுக்கொண்டு கரையோரச் சாலையில் போனால், மஞ்சள் அடித்த கற்களில் ஒவ்வொரு இடத்தின் பெயரும் எழுதியிருக்கும். பிடித்த இடத்தில் நிறுத்தி, மாட்டிக்கொண்டு, நடந்தே கடலுக்குள் இறங்கிவிடலாம். அலை ஏறும் கோட்டிலிருந்து 60 மீட்டர் ஆழம் வரை 1979 முதல் தேசியக் கடல் பூங்கா. கையுறை போடக்கூடாது என்பது சட்டம். கையில் உறை இருந்தால் எதையாவது பிடிக்கலாம் என்ற துணிச்சல் வந்துவிடும், அதனால்தான். ரொம்பச் சரியான சட்டம் என்று எனக்குப் பட்டது.

நான் போனதே உப்புப் பாலத்துக்காக. தீவின் தெற்கே பெரிய உப்பளம் இருக்கிறது. கடல்நீரைப் பாத்தி பாத்தியாகத் தேக்கி, வெயிலும் காற்றும் வற்ற வைக்கின்றன. வற்ற வற்றப் பாத்தி இளஞ்சிவப்பாக மாறுகிறது. அதீத உப்பிலும் சாகாத நுண்ணுயிர்கள் தருகிற நிறம் அது. கடைசியில் வெள்ளை உப்பு அம்பாரம் அம்பாரமாகக் குவிந்து நிற்கிறது. அங்கிருந்து ஒரு கன்வேயர் பெல்ட் சாலைக்கு மேலாகத் தாண்டிக் கடலுக்குள் போய், கப்பலின் வயிற்றில் உப்பைக் கொட்டுகிறது. அந்தப் பெல்ட்டைத் தாங்குகிற இரும்புத் தூண்கள்தான் நாம் முங்குகிற இடம்.

நாங்கள் போன அன்று ஒரு கப்பல் நின்றது. கப்பல் நின்றால் ஒருவரும் இறங்கக் கூடாது. புரொப்பல்லர் எப்போது சுழலும் என்று தண்ணீருக்குள் இருப்பவருக்குத் தெரியாது, கட்டிய வடங்கள் எப்போது இறுகும் என்றும் தெரியாது. மறுநாள் போனோம், அதே கப்பல். அதற்கு மறுநாளும். எட்டு நாள் பயணத்தில் மூன்று நாள் போச்சே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. மாலா ஒன்றும் பேசாமல் பாறையில் உட்கார்ந்து பெல்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள், "இது அவங்க வேலை செய்யற இடம். நாமதான் விருந்தாளி." அப்புறம் நான் வாயைத் திறக்கவில்லை.

காத்திருந்த ஒரு நாளில் இன்னும் தெற்கே போனோம். கடற்கரையை ஒட்டி வெள்ளையடித்த குட்டிக் கல்வீடுகள் வரிசையாக நிற்கின்றன. தூரத்தில் பார்க்கும்போது பொம்மை வீடு மாதிரி அழகாக இருந்தது. கிட்டே போனால் வாசல் என் இடுப்புக்குக்கூட வரவில்லை. 1850இல் உப்பளத்து அடிமைகள் படுப்பதற்குக் கட்டியது. உள்ளே தவழ்ந்துதான் போக முடியும். போய் உட்கார்ந்தேன், நிமிர முடியவில்லை. வார இறுதியில் அவர்கள் குடும்பத்தைப் பார்க்க ரிங்கோன் கிராமத்துக்கு ஏழு மணி நேரம் நடந்து போவார்களாம். 1863இல்தான் விடுதலை. பக்கத்தில் கப்பல்களுக்கு அடையாளம் காட்ட உயரமான ஒரு கல்தூண். உப்பு ஏற்ற எங்கே நிறுத்த வேண்டும் என்று கப்பல்காரனுக்குத் தெரிய அவ்வளவு உயரத்தில் தூண், அதே உப்பை வெட்டியவனுக்கு நிமிர இடமில்லை. வசு, அன்றைக்கு எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை. கப்பலுக்காக மூன்று நாள் காத்திருக்க மாட்டேன் என்று சலித்துக்கொண்டவள் நான்.

நாலாம் நாள் காலையில் பாலம் காலியாக இருந்தது.

இறங்கி ஐந்து மீட்டர் ஆழம் போனதும் தலைக்கு மேலே பாலத்தின் நிழல் விழுந்தது. நிழலின் ஓரத்தில் வெயில் தூண் தூணாகச் சரிகிறது, நிஜத் தூண்களுக்கு நடுவே. சட்டென்று பார்த்தால் எது இரும்பு, எது வெளிச்சம் என்று தெரியாது. நிழலுக்குள் சின்ன மீன்கள் திரள் திரளாக நிற்கின்றன. நாம் நுழைந்தால் திரை விலகுவது போல விலகி, பின்னால் மூடிக்கொள்கின்றன. ஒரு பெரிய சீலா மீன் தூணோடு தூணாக அசையாமல் நின்று என்னையே பார்த்தது. உன் தாவர வகுப்பு வாத்தியார் பார்வை. எனக்கு அவர் ஞாபகம்தான் வந்தது.

தூண் மட்டும் பார்க்கக் கறுப்பும் பழுப்புமாக, நீ சொன்ன துரு மாதிரியேதான் இருந்தது. டார்ச்சைப் போட்டேன். அவ்வளவுதான், தூண் பற்றி எரிந்தது! ஆரஞ்சு, சிவப்பு, மஞ்சள், ஊதா. தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பைத்தான் என்று நமக்குப் பாடத்தில் சொல்லிக் கொடுத்தார்களே, அதைக் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான். கை அகலத்துக்கு ஓர் இடத்தையே பத்து நிமிஷம் பார்த்தேன். ஊதா நிறக் கடற்பஞ்சு, அதன் மடிப்பில் நூல் கனத்தில் கால்கள் உள்ள ஓர் இறால், பக்கத்தில் விரல்நுனி அளவு ஆரஞ்சுக் குமிழ்கள். ஒவ்வொரு குமிழும் ஒரு பவள உயிர். அங்கே பல பவளங்கள் உடம்புக்குள் பாசியை வைத்துக்கொண்டு வெயிலில் சோறு ஆக்குகின்றன. இதற்குப் பாசி கிடையாது, வெயிலும் வேண்டாம். இருட்டியதும் கைகளை விரித்து, ஓட்டத்தில் வருவதைப் பிடித்துத் தின்னும். அதனால்தான் பாலத்தின் நிழல் அதற்குச் சொர்க்கம்.

இந்தப் பவளம் அந்தக் கடலில் பிறந்ததே இல்லை தெரியுமா? நம் பக்கத்து இந்தோ-பசிபிக் கடலைச் சேர்ந்தது. 1943இல் கரீபியனில் இருப்பதாக முதலில் பதிவு செய்திருக்கிறார்கள். கப்பலின் அடியில் ஒட்டிக்கொண்டு போயிருக்க வேண்டும் என்பது கணிப்பு. சிங்கமீனும் நம் பக்கத்து ஆள்தான். அது பொனேருக்கு வந்தது 2009இல். பூங்காவில் ஈட்டி வைத்து மீன் பிடிக்கவே கூடாது, ஆனால் சிங்கமீனைக் குத்துவதற்கு மட்டும் தனி அனுமதி உண்டு. ஒரே கடலிலிருந்து வந்த இரண்டு பேர். ஒன்றை ஈட்டியோடு துரத்துகிறோம், இன்னொன்றைப் படம் எடுக்க வரிசையில் நிற்கிறோம். சிங்கமீன் குஞ்சுமீன்களைக் காலி செய்கிறது, நியாயம்தான். ஆனால் இந்த ஆரஞ்சுக்காரனைப் பற்றியும் நாம் இன்னும் கவலைப்பட வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நீ என்ன நினைக்கிறாய் என்று எழுது, உயிரியல் உன் துறை.

பெரிய கவலை வேறொன்று. கல்பவளங்களின் சதையை அழிக்கிற ஒரு நோய். 2014இல் ஃபுளோரிடாவில் முதலில் கண்டார்கள், 2023இல் பொனேருக்கும் வந்துவிட்டது. இருபதுக்கும் மேற்பட்ட இனங்களைத் தாக்குகிறது. நான் பார்த்த ஒரு மூளைப்பவளம், அண்டா அளவு இருக்கும், பாதி உயிரோடு, பாதி சுண்ணாம்பு வெள்ளை. நடுவே கோடு கிழித்த மாதிரி ஓர் எல்லை. அந்த அளவுக்கு வளர நூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கலாம். நோயை இடத்துக்கு இடம் கொண்டுபோகாமல் இருக்க, முங்கி எழுந்த ஒவ்வொரு முறையும் எல்லாச் சாமான்களையும் மருந்துத் தண்ணீரில் அலசினோம். ஒருநாள் இரவு களைப்பில் மாலா அப்படியே படுத்துவிட்டாள். அந்த வெள்ளைப் பாதி கண்ணுக்குள் நின்றதால் நானே இரண்டு பேருடையதையும் அலசிவிட்டுப் படுத்தேன்.

இப்போது காரணத்துக்கு வருகிறேன்.

ஆறாம் நாள் இரவு கிராலண்டைக் நகரத்துப் பாலம். அதுவும் வேலை நடக்கிற பாலம்தான்; துறைமுக அனுமதியோடு, உள்ளூர் வழிகாட்டியோடு போனோம். ராத்திரியில் அந்த ஆரஞ்சுக் குமிழ்கள் எல்லாம் மலர்ந்து, தூண் முழுக்கச் சாமந்திச் சரம் சுற்றிய மாதிரி இருந்தது. டார்ப்பன் மீன்கள், கிட்டத்தட்ட என் உயரம், வெள்ளித் தகடு போலத் தோளை உரசிப் போகும். நம் டார்ச் வெளிச்சத்திலேயே வேட்டையாடக் கற்றுக்கொண்டிருக்கின்றன. பழைய வடத்தில் வாலைச் சுற்றிக்கொண்டு ஒரு கடல்குதிரை இருந்தது. அதன் கண்கள் தனித்தனியாகச் சுழலும். ஒன்று என்னைப் பார்த்தது, மற்றது அதன் சாப்பாட்டைப் பார்த்தது. வெளிச்சத்தைத் தாழ்த்திவிட்டுத் திரும்பினேன்.

பின்னாலிருந்து யாரோ இழுத்தார்கள்.

மாலா என்றுதான் நினைத்தேன். அவள் டார்ச் அடுத்த தூணில் தெரிந்தது. இன்னொரு முறை திரும்பினேன், இன்னும் இறுகியது. தூண்டில் நரம்பு. சிலிண்டர் வால்வில் மாட்டி, தோளைச் சுற்றி, தூணோடு கட்டிவிட்டது. எட்டு மீட்டர் ஆழம், சிலிண்டரில் இன்னும் 110 பார் அழுத்தத்துக்குக் காற்று, பயப்பட ஒன்றுமே இல்லை. ஆனால் மூச்சு வேகமாகி என் காதுக்கே கேட்டது. கை இடுப்புக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லை.

நீ கொடுத்த மஞ்சள் கத்திரி அறையில் இருந்தது, வசு. "பாலத்துக்கு அடியில் எல்லாரும் தூண்டில் போடுவாங்க, இது இல்லாம இறங்காதே" என்று நீ சத்தியம் வாங்கிக் கொடுத்த கத்திரி. கேமரா விளக்கு மாட்ட இடம் வேண்டும் என்று அன்று மாலைதான் கழற்றி வைத்தேன்.

அசையாமல் நின்றேன். மூச்சை எண்ணினேன். டார்ச்சை இடமும் வலமும் வேகமாக ஆட்டினேன். மாலா வந்து, தோளில் கை வைத்து, தன் கத்திரியால் மூன்று இடத்தில் நறுக்கினாள். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. பிறகு இருவரும் அந்த நரம்பு முழுவதையும் தூணிலிருந்து பிரித்துச் சுருட்டி மேலே கொண்டுவந்தோம். அதே நரம்பில் ஒரு நண்டு, எப்போதோ செத்துப்போனது, கூடு மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

இதை வீட்டில் சொல்லவில்லை. உன்னிடம் சொல்லாமல் வேறு எதை எழுதினாலும் பொய்யாகப்பட்டது, அதுதான் மூன்று வாரம். கத்திரி இப்போது மார்புப் பட்டையில் இருக்கிறது, கழற்ற முடியாதபடி தைத்தே விட்டேன். திட்டி ஒரு பக்கம் எழுது, தாங்கிக்கொள்கிறேன்.

உன் காது எப்படி இருக்கிறது? டாக்டர் ஆறு மாசம் என்றாரே, முடிந்துவிட்டதல்லவா? ஒப்புதல் கொடுத்துவிட்டால் உடனே சொல். அந்தக் கடல்குதிரை இருக்கும் தூண் கரையிலிருந்து எத்தனையாவது என்று குறித்து வைத்திருக்கிறேன். மாலாவுக்குக்கூடச் சொல்லவில்லை.

உன்
கல்யாணி