ரிவர்ஸ் துரையும் கயலும்

அன்புள்ள செல்வம்,

இங்கே அனைவரும் நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? பேரனுக்கு மொட்டை போட்ட படம் பார்த்தோம். அப்படியே உங்கள் அப்பாவின் தலை. நீ கொடுத்தனுப்பிய நார்த்தங்காய் ஊறுகாய் தீர்ந்துவிட்டது என்று விமலா சொல்லச் சொன்னாள். சொல்லிவிட்டேன்.

விஷயம் இதுதான். கயல் முனைவர் பட்ட ஆய்வுக்கு நீலகிரியின் தோடர் பழங்குடிகளை எடுத்துக்கொண்டிருக்கிறாள். "பேங்க் பரீட்சை எழுதச் சொல்லேன்டா" என்பாய். விமலாவும் அதையேதான் சொன்னாள். நான் வழக்கம்போல இரண்டு பக்கமும் தலையாட்டி வைத்தேன்.

போன மாதம் ஊட்டிப் பக்கம் ஒரு மந்துக்கு, அதாவது தோடர் குடியிருப்புக்கு, போனாள். வாசலில் ஒரு பாட்டி வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாகப் பூவேலை செய்துகொண்டிருந்தாராம். துணியில் கோடு, புள்ளி எதுவும் கிடையாது. இழையை எண்ணியே ஊசி போகிறது. இவள் நோட்டைத் திறப்பதற்குள் பாட்டி ஆரம்பித்துவிட்டார். உன் அப்பா பேர் என்ன? தாத்தா? அவருக்கு அப்பா? இவள் எனக்கு ஃபோன் போட்டாள். நானும் கொள்ளுத்தாத்தாவோடு நின்றுவிட்டேன். "அவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டுப் பாட்டி திரும்ப இழை எண்ணப் போய்விட்டாராம். நீயாக இருந்தால் சோழர் படைத்தளபதி வரைக்கும் அளந்திருப்பாய்.

அதற்குப் பிறகுதான் கயலின் மேசையில் கிடந்த ரிவர்ஸ் புத்தகத்தை எடுத்தேன். இன்னும் கீழே வைக்கவில்லை. டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ், கேம்பிரிட்ஜ் ஆசாமி. 1898இல் ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே டாரஸ் நீரிணைத் தீவுகளுக்குப் போன ஆய்வுக் குழுவில் இருந்தவர். யார் யாருக்குப் பிறந்தார், யாரைக் கட்டினார் என்று வம்சாவளி வாங்கினால் ஒரு சமூகத்தின் அமைப்பே தெரிந்துவிடும் என்று அங்கேதான் பிடித்தார். அதைத் தூக்கிக்கொண்டு 1901இல் நீலகிரிக்கு வந்தார். சில மாதங்கள்தான் இருந்தார். 1906இல் தோடர்களைப் பற்றித் தலையணை கனத்துக்கு ஒரு புத்தகம் போட்டுவிட்டார்.

மலையில் அவருக்கு முதல் முட்டுக்கட்டையே வம்சாவளிதான். தோடர்கள் தங்கள் குடும்பத்தில் இறந்தவர்களின் பெயரை வாயால் சொல்லமாட்டார்கள். மனிதர் என்ன செய்தார் தெரியுமா? ஒரு குடும்பத்தின் கதையை வேறு குடும்பத்துக்காரரிடம் கேட்டு வாங்கினார். நம் கல்யாணத் தரகர்கள் பெண் வீட்டைப் பற்றிப் பக்கத்து வீட்டில் விசாரிப்பார்களே, அதே வேலை! இந்த இடத்தில் சத்தமாகவே சிரித்துவிட்டேன். அண்ணன் தம்பிகள் சேர்ந்து ஒரு பெண்ணைக் கட்டுவது அன்று அங்கே வழக்கம். கர்ப்பத்தின் ஏழாம் மாதத்தில் அவளுக்கு வில்லும் அம்பும் கொடுப்பவர்தான் குழந்தைக்குத் தகப்பன். இன்னொருவர் அந்தச் சடங்கைச் செய்யும்வரை, முதலில் கொடுத்தவர் செத்துப்போனாலும், பிறக்கிற பிள்ளைகளெல்லாம் அவர் கணக்குதான். இதையெல்லாம் துளி கேலியில்லாமல் எழுதியிருக்கிறார். அந்தக் காலத்துத் துரைமார்களில் அது பெரிய விஷயம். மெட்ராஸ் மியூசியத்தில் தர்ஸ்டன் என்ன செய்துகொண்டிருந்தார்? அளவுகோலை எடுத்து ஆட்களின் மூக்கையும் மண்டையையும் அளந்துகொண்டிருந்தார்.

சிரிப்பெல்லாம் அதுவரைதான். தோடர்களுக்கு எருமையும், அதன் பாலைக் கடைந்தெடுக்கும் பால்மனையும்தான் கோயில். பால்மனைகளில் படிநிலை உண்டு. உச்சியில் இருப்பதன் பூசாரிக்கு விதிகள் கடுமை, வெளியே சொல்லக் கூடாதவை நிறைய. ரிவர்ஸ் அதையும் கேட்டார். சிலர் சொன்னார்கள். புனித இடங்களைக் காட்டிக் கொடுத்தவர் நோயில் விழுந்தார். முக்கியமான சடங்கு ஒன்றைச் செய்து காட்டியவருக்குச் சில நாளில் மனைவி செத்துப்போனார். உச்சிப் பால்மனைப் பூசாரியைப் பற்றிச் சொன்னவரின் ஊரில் பால்மனையே எரிந்துபோனது. குறி கேட்டார்கள். அந்நியனிடம் ரகசியத்தை விட்டதால் சாமிகளுக்குக் கோபம் என்று வந்தது. ஆட்கள் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள்.

இது நமக்குத் தெரிவதே ரிவர்ஸ் எழுதியதால்தான். அந்த நேர்மையை மறுக்க முடியாது. ஆனால் அதே புத்தகத்தில் அந்தச் சடங்குகளும் மந்திரங்களும் வரிவரியாக அச்சாகியிருக்கின்றன. மனைவியைப் பறிகொடுத்தவர் செய்து காட்டியதும் உள்ளே இருக்கிறது. சாமி, குறி எல்லாவற்றையும் நான் நம்பவில்லை, அது வேறு. அந்த மனிதர் நம்பினார். தன் வாயால்தான் இது வந்தது என்று நினைத்துக்கொண்டே மிச்ச நாளைக் கழித்திருப்பார். செல்வம், இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஒரேயடியாகத் திட்டவும் மனம் வரவில்லை. முதல் உலகப் போரில் மனம் நொறுங்கி வந்த ராணுவ அதிகாரிகளுக்கு, கவிஞர் சசூன் உட்பட, பக்கத்தில் உட்கார்ந்து பேசிப் பேசி வைத்தியம் பார்த்த டாக்டரும் இதே ரிவர்ஸ்தான். கேட்கத் தெரிந்த மனிதர். அதனால்தான் நீலகிரியிலும் அவ்வளவு சொல்லியிருக்கிறார்கள் என்று எனக்குப் படுகிறது. மிரட்டிக் கேட்டிருந்தால் வாயே திறந்திருக்கமாட்டார்கள்.

நடுவில் உனக்கென்று ஒன்று. 1930களில் எமனோ என்ற மொழியியலாளரும் மேண்டல்பாம் என்ற மானிடவியலாளரும் வந்தார்கள். நீலகிரியின் இன்னொரு பழங்குடியான கோத்தர்களைப் பற்றி அவர்களுக்கு நிறையச் சொன்னவர் சுல்லி என்ற கோத்தர் வாத்தியார். அருமையான கதைசொல்லி. என்ன, எந்தக் கதையை எடுத்தாலும் நடுவில் சுல்லிதான் நிற்பார். படித்ததும் உன் ஞாபகம்தான்.

கயலிடம் கேட்டேன், எதை எழுதக் கூடாது என்று முதலில் யாரைக் கேட்பாய் என்று. பல்கலைக்கழகத்தில் ஒப்புதல் படிவம் கொடுத்திருக்கிறார்கள், தகவல் தருபவர் கையெழுத்துப் போட்டால் போதும் என்றாள். படிவம் ஆங்கிலத்தில். ஒரு குலத்துக்கே சொந்தமானதை ஒரே ஆள் கையெழுத்துப் போட்டு எப்படிக் கொடுக்க முடியும் என்றேன். "அப்பா, நீங்கதான் என் கைடா?" என்று கோபித்துக்கொண்டு போய்விட்டாள். மறுநாள் அவளே வந்து, பால்மனைப் பக்கம் போகாமல் பூவேலைப் பெண்களோடு மட்டும் உட்கார்ந்தால் ஆய்வு நிற்குமா என்று கேட்டாள். 2013இல் அந்தப் பூவேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததே, அதற்குப் பிறகு யாருக்கு என்ன வருமானம், யார் போலி அடிக்கிறார்கள் என்பதை அந்தப் பாட்டியே மணிக்கணக்கில் சொல்வார்போலிருக்கிறது. நிற்கும் என்றுதான் நினைக்கிறேன். கைடு ஒப்புக்கொள்ள வேண்டும். அவருக்குச் சடங்குதான் வேண்டுமாம்.

நீ முப்பது வருடம் ஆட்களிடம் கேள்வி கேட்டே சம்பளம் வாங்கியவன். அவளுக்கு ஒரு ஃபோன் போடு. நான் சொன்னேன் என்று சொல்லாதே. அப்புறம், உன் மச்சான் இன்னும் கோத்தகிரியில்தானே இருக்கிறார்? கயலுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு அறை வேண்டும். வெந்நீர் வசதி இருந்தால் போதும். வாடகை என்ன கேட்பார் என்று விசாரித்து எழுது.

அன்புடன்,
மூர்த்தி