பங்கு வீடு: வாங்காத பங்கைப் பற்றியும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். லண்டனில் வீடு வாங்க வழியில்லாமல் நிற்கும் இளம் குடும்பங்களுக்கு, வீட்டின் ஒரு பங்கை மட்டும் வாங்கி மிச்சப் பங்குக்கு வாடகை கட்டும் 'ஷேர்ட் ஓனர்ஷிப்' நல்ல வாய்ப்பு என்று உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அதில் சொன்னது எதுவும் பொய்யில்லை. ஆனால் வாங்குகிற பங்கைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியவர், வாங்காமல் விடுகிற பங்கை இரண்டு வரியில் முடித்துவிட்டார். ஒரு குடும்பம் அந்த வீட்டில் நிம்மதியாக இருக்குமா, மூச்சுத் திணறுமா என்பது பெரும்பாலும் அந்த வாங்காத பங்கில்தான் இருக்கிறது. என் தங்கை குடும்பம் இப்படி ஒரு வீட்டில் பல வருடங்களாக இருக்கிறது. அவர்களுடைய கணக்கு வழக்குகளைக் கூடவே இருந்து பார்த்தவன் என்பதால் எழுதுகிறேன்.

நல்லதை முதலில் சொல்கிறேன். 400,000 பவுண்டு விலையுள்ள ஒரு ஃபிளாட்டை முழுதாக வாங்க, பத்து வீதம் முன்பணம் என்றாலே 40,000 பவுண்டு கையில் வேண்டும். மிச்சம் 360,000க்கு வங்கி கடன் தர, வீட்டு வருமானம் வருடத்துக்கு ஏறக்குறைய 80,000 இருக்க வேண்டும். ஒருவர் கடையிலும் மற்றவர் பராமரிப்பு இல்லத்திலும் வேலை செய்கிற வீட்டில் இது எங்கே நடக்கும்? அதே ஃபிளாட்டில் 25 வீதப் பங்கு என்றால் விலை 100,000, முன்பணம் 10,000. ஒரு சீட்டுக் காசும் கொஞ்சச் சேமிப்பும் இருந்தால் எட்டிவிடலாம். மிச்சப் பங்கைத் தன் கையில் வைத்திருக்கும் ஹவுசிங் அசோசியேஷனுக்கு (குறைந்த செலவில் வீடு தரும் லாப நோக்கற்ற அமைப்பு) அதற்கு வாடகை. வழக்கமாக அது வாங்காத பங்கின் விலையில் வருடத்துக்கு 2.75 வீதத்தில் தொடங்கும். இந்தக் கணக்கில் மாதம் 687 பவுண்டு வரும். 5 வீத வட்டியில் 30 வருடக் கடன் என்றால் தவணை 480 பவுண்டை ஒட்டி வரும். இரண்டையும் கூட்டினாலும், லண்டனில் இரண்டு அறை வீட்டுக்கு வெளியே கொடுக்கிற வாடகையைவிடப் பல இடங்களில் குறைவுதான். வீட்டுக்காரர் வீட்டை விற்கப்போகிறேன் என்று சொல்லுகிற பயமில்லை. பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தை வருடா வருடம் மாற்ற வேண்டியதில்லை. என் தங்கை பிள்ளைகள் ஒரே பள்ளியில் படித்து முடித்தார்கள். அந்த நிம்மதியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்த 687 பவுண்டு அங்கேயே நிற்காது. 2023 அக்டோபருக்கு முந்தைய லீஸ்களில் (குத்தகை ஒப்பந்தங்களில்) பொதுவாக வாடகை ஒவ்வொரு வருடமும் 'ஆர்பிஐ' என்ற விலைவாசிக் குறியீடு காட்டும் பணவீக்கத்தோடு அரை வீதம் சேர்ந்து ஏறும். அதற்குப் பிறகு வந்த புதிய லீஸ்களில், 'சிபிஐ' என்ற இன்னொரு குறியீடு காட்டும் பணவீக்கத்தோடு ஒரு வீதம். வருடம் 3.5 வீதம் ஏறினாலே பத்து வருடத்தில் 687 என்பது 970 ஆகிவிடும். 2022 இலையுதிர் காலத்தில் ஆர்பிஐ 12 வீதத்தைத் தாண்டியது. அடுத்த வருட உயர்வைப் பல அசோசியேஷன்கள் தாமாகவே 7 வீதத்தோடு நிறுத்தியதால்தான் பலர் தப்பினார்கள். அது அவர்களாகப் பார்த்துச் செய்த சலுகை. அப்படிக் குறைத்தே ஆக வேண்டும் என்று பழைய லீஸில் எங்கும் எழுதியிருக்கவில்லை. அதே நேரத்தில் வங்கி வட்டியும் ஏறியது. 2021 டிசம்பர் தொடக்கத்தில் இங்கிலாந்து வங்கியின் அடிப்படை வட்டி 0.1 வீதம், 2023 ஆகஸ்டில் 5.25. மோட்கேஜ் எனும் வீட்டுக் கடனைப் புதுப்பிக்க வேண்டிய நேரம் அதற்குள் வந்தவர்களுக்குத் தவணையும் வாடகையும் ஒன்றாக ஏறின.

இதைவிட எனக்குப் பெரிய விஷயம் சேர்விஸ் சார்ஜ், அதாவது கட்டடத்தின் பொதுப் பராமரிப்புக் கட்டணம். கால் பங்குக்குத்தான் உரிமை என்றாலும் லிஃப்ட், கூரை, படிக்கட்டு விளக்கு, காப்புறுதி, மேலாண்மைக் கட்டணம் எல்லாவற்றிலும் அந்த ஃபிளாட்டின் பேரில் வருகிற முழுச் செலவும் கால் பங்குக்காரர் தலையில்தான். என் தங்கை கட்டுகிற தொகையும், அதே தளத்தில் அதே அளவு ஃபிளாட்டை முழுதாக வாங்கியவர் கட்டுகிற தொகையும் ஒன்றே. வீடு வாங்கியபோது சொன்ன தொகை இப்போது ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஏன் ஏறியது என்று விவரம் கேட்டால் பதில் வர மாதக்கணக்காகும். வாடகைக்காவது ஒரு சூத்திரம் இருக்கிறது. இதற்கு உச்சவரம்பே கிடையாது. நாடாளுமன்றக் குழு ஒன்று 2024 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கையும் இதைத்தான் சொன்னது: ஏறும் வாடகை, வரம்பில்லாத சேர்விஸ் சார்ஜ், பழுதுச் செலவு, இந்த மூன்றும் சேர்ந்து பலருக்கு இந்தத் திட்டத்தைத் தாங்க முடியாததாக்குகின்றன.

2017ல் லண்டனில் கிரென்ஃபெல் கோபுரம் என்ற அடுக்குமாடிக் கட்டடத்தில் தீப்பிடித்து 72 பேர் இறந்த பிறகு, வெளிச்சுவரில் எளிதில் தீப்பற்றும் பூச்சுத் தகடு உள்ள கட்டடங்களில் வீடு வாங்க வங்கிகள் கடன் கொடுக்கத் தயங்கின. வெளிச்சுவரின் தீப் பாதுகாப்பைச் சோதித்துத் தரும் 'இடபிள்யூஎஸ்1' என்ற பத்திரம் கேட்டார்கள். அது கிடைக்காத குடும்பங்கள் விற்கவும் முடியாமல், பொதுவாக லீஸ் அனுமதிக்காததால் வாடகைக்கு விட்டுப் போகவும் முடியாமல், குழந்தை பிறந்த பிறகும் ஒரே அறையில் கிடந்தார்கள். பிறகு 2022ல் வந்த கட்டடப் பாதுகாப்புச் சட்டம், தகுதியுள்ள குத்தகைக்காரர் பூச்சுத் தகட்டைத் திருத்தும் செலவைக் கொடுக்க வேண்டியதில்லை என்றது; மற்றப் பாதுகாப்புத் திருத்த வேலைக்கு அவர் கொடுக்க வேண்டிய தொகைக்கு வரம்பு கட்டியது. பங்கு வீட்டுக்காரர் என்றால் அந்த வரம்பும் அவருடைய பங்கின் அளவுக்குக் குறையும். கால் பங்கு வைத்திருப்பவர் கால் பங்குச் செலவைத்தான் ஏற்க வேண்டும் என்ற நியாயத்தைச் சட்டமே அங்கே ஒத்துக்கொண்டுவிட்டது. அப்படியானால் கூரைப் பழுதுக்கும் லிஃப்டுக்கும் ஏன் அதே நியாயம் இல்லை? நம் தொகுதி எம்பிக்களிடம் நாம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன்.

மிச்சப் பங்கைப் பிறகு மெதுவாக வாங்கிக்கொள்ளலாம் என்பதும் கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் வாங்குகிற நாளில் சந்தை விலை என்னவோ அந்த விலைக்குத்தான் வாங்க வேண்டும். 400,000 ஃபிளாட் 500,000 ஆகிவிட்டால் அடுத்த கால் பங்கு 125,000. மதிப்பீட்டாளர் கட்டணம், வழக்கறிஞர் கட்டணம், மோட்கேஜ் செலவு எல்லாம் அதற்கு மேல். வாடகையும் சேர்விஸ் சார்ஜும் ஏறிக்கொண்டிருக்கும்போது அந்தக் காசை எங்கிருந்து சேர்ப்பது?

கட்டுரையில் தவறவிட்ட இன்னொன்று, பழைய லீஸுக்கும் புதிய லீஸுக்கும் உள்ள வித்தியாசம். 2021ல் அறிமுகமான புதிய மாதிரியில் 10 வீதப் பங்கிலிருந்தே வாங்கலாம். லீஸ் குறைந்தது 990 வருடம். முதல் பத்து வருடம் கட்டடத்தின் வெளிப்புற, கட்டமைப்புப் பழுதுகள் அசோசியேஷன் பொறுப்பு. உள்ளே அத்தியாவசியப் பழுதுக்கும் வருடம் 500 பவுண்டு வரை கேட்கலாம். வருடத்துக்கு ஒரு வீதம் என்று சிறிது சிறிதாகவும் பங்கைக் கூட்டலாம். பழைய மாதிரியில் தொடக்கப் பங்கு 25 வீதம். லீஸ் பெரும்பாலும் 99 அல்லது 125 வருடம்தான். பழுது எல்லாம் குடியிருப்பவர் பொறுப்பு. முன்னர் இருந்தவர் விற்கிற பங்கு வீட்டை வாங்கினால் உங்களுக்குக் கிடைப்பது அவர் வைத்திருந்த அதே லீஸ்தான்; அது பழைய மாதிரியாக இருக்கலாம். பக்கத்துப் பக்கத்துக் கட்டடத்தில் ஒரே விலை போட்டிருக்கும் இரண்டு வீடுகள் இப்படி வேறு வேறாக இருக்கலாம். விற்பனைக் கூடத்தில் தேநீர் கொடுத்து உட்கார வைப்பவர் இதைத் தாமாகச் சொல்வார் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

நம் ஆட்களுக்கென்று ஒரு சிக்கலும் உண்டு. ஊரில் பெற்றோர் சீதனமாகவோ அன்பளிப்பாகவோ எழுதிக் கொடுத்த வீடு பெயரில் இருந்தால், முதல் முறை வாங்குபவருக்கான முத்திரை வரிச் சலுகை இங்கே கிடைக்காது. உலகில் எந்த மூலையில் வீடு இருந்தாலும் கணக்கில் வரும். பங்கு வீட்டுக்கான தகுதியே கேள்விக்குள்ளாகலாம். யாழ்ப்பாணத்து வீடு யாருக்குத் தெரியப்போகிறது என்று படிவத்தில் மறைப்பவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். வழக்கறிஞரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

அப்படியென்றால் வாங்கவே கூடாதா என்று கேட்டால், அப்படிச் சொல்ல மாட்டேன். நீண்ட காலம் ஒரே இடத்தில் இருக்கப் போகிறவர்கள், புதிய மாதிரி லீஸ் கிடைக்கிறவர்கள், சம்பளம் ஏறும் என்று நம்பத் தக்க வேலையில் இருக்கிறவர்கள் வாங்கலாம். மூன்று நாலு வருடத்தில் விற்றுப் பெரிய வீட்டுக்குப் போகலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் வேண்டாம். கையில் இருக்கிற கடைசிக் காசையும் நகையையும் முன்பணத்தில் போட்டுவிட்டு நிற்கிறவர்கள் கட்டாயம் வேண்டாம்.

ஆசிரியர் அவர்களே, ஒரு வேண்டுகோள். குத்தகை வீட்டுச் சட்டம் தெரிந்த தமிழ் வழக்கறிஞர் ஒருவரைக் கொண்டு, ஒரு பங்கு வீட்டு லீஸை வரி வரியாக விளக்கும் தொடர் ஒன்றை உங்கள் இதழில் தொடங்குங்கள். வாடகை உயர்வுப் பிரிவு எங்கே இருக்கும், கடந்த மூன்று வருட சேர்விஸ் சார்ஜ் கணக்கை எப்படிக் கேட்டு வாங்குவது, விற்கும்போது அசோசியேஷன் எத்தனை வாரம் தன் ஆளைத் தேட உரிமை வைத்திருக்கிறது, இவையெல்லாம் தமிழில் எழுதப்பட வேண்டும். அரசு நிதியில் இயங்கும் குத்தகை ஆலோசனைச் சேவையான 'லீஸ்' இலவசமாக ஆலோசனை தருகிறது என்பதும், அசோசியேஷன் பதில் சொல்லாவிட்டால் வீட்டுப் புகார்களை விசாரிக்கும் ஹவுசிங் ஓம்பட்ஸ்மனிடம் முறையிடலாம் என்பதும் நம்மில் பலருக்குத் தெரியாது. அடுத்த இதழிலேயே இந்த இரண்டின் தொடர்பு விவரங்களையும் அந்தக் கட்டுரை வந்த அதே பக்கத்தில் போட்டால் நன்றாக இருக்கும்.

அன்புடன்,
ஒரு வாசகர்,
ஹாரோ, லண்டன்