பூட்டிய பெட்டிக்கும் ஒரு லேன் கார்டு உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் கணினிக்குள் கணினி ஓட்டுவது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். மாணவர்களுக்குப் புரிகிற மாதிரி நன்றாகவே இருந்தது. ஒரே ஒரு வரிதான் நெருடியது. விர்ச்சுவல் மெஷின், அதாவது கணினிக்குள் மென்பொருளாக ஓடும் அந்தக் கணினி, ஒரு பூட்டிய பெட்டி, உள்ளே வைரஸ் வந்தாலும் வெளியே வர வழியே கிடையாது என்று எழுதியிருந்தீர்கள். இதே வார்த்தையை நானே ஒருவரிடம் சொல்லி, பிறகு விழித்திருக்கிறேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் திருப்பூரில் இருபது வருடத்துக்கு மேலாகக் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறேன். 2002-ல் கடை போட்டபோது அதிகம் விற்றது, கணினியை நெட்வொர்க்கில் இணைக்கும் லேன் கார்டுதான். ரியல்டெக் 8139 சிப் போட்ட கார்டு. எந்தப் பெயர் அச்சடித்த பெட்டியைப் பிரித்தாலும் உள்ளே பெரும்பாலும் அதே ரியல்டெக்கின் நண்டு முத்திரைதான் இருக்கும். விலை குறைவு, சொருகினால் ஓடும். அந்தக் கார்டுகளில் ஒரு டப்பா நிறைய இன்னும் கடைப் பரணில் கிடக்கிறது.

2014-ல் ஒரு பனியன் கம்பெனியில் சம்பளக் கணக்கு ஓடிய பழைய கணினியின் மதர்போர்டு போய்விட்டது. விண்டோஸ் எக்ஸ்பியில் மட்டும் ஓடுகிற மென்பொருள். அதை எழுதிக் கொடுத்தவர் எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. புதுக் கணினியில் உபுண்டு 14.04 என்ற லினக்ஸ் போட்டு, அதற்குள் விர்ச்சுவல் மெஷின் ஒன்றில் பழைய எக்ஸ்பியை அப்படியே தூக்கி வைத்தேன். எக்ஸ்பிக்கு லேன் கார்டு ஒன்று வேண்டும் அல்லவா? பட்டியலில் பார்த்தால் அதே 8139! சிப்பும் இல்லை, தகடும் இல்லை. அந்தச் சிப் என்னென்ன செய்யுமோ அதையெல்லாம் செய்வதாக நடிக்கிற சி மொழி நிரல். எக்ஸ்பியிடம் அதற்கான டிரைவர், அதாவது கார்டோடு பேசும் மென்பொருள், ஏற்கெனவே இருந்ததால் சி.டி. கூடத் தேடவில்லை. பழைய சிநேகிதனைப் பார்த்த சந்தோஷம் எனக்கு.

இப்படி நடிக்கிற மென்பொருளின் பெயர் க்யூஎமு. பிரான்சைச் சேர்ந்த ஃபப்ரீஸ் பெல்லார்ட் 2003-ல் தொடங்கிய திட்டம். லேன் கார்டு, ஃப்ளாப்பி டிரைவ், யூஎஸ்பி என்று உள்ளே இருக்கும் கணினி தொடுகிற எல்லாவற்றுக்கும் அதில் ஒரு நடிகர் உண்டு. வாடகை சர்வர் தருகிறவர்கள் பலரும் பயன்படுத்தும் கேவிஎம், ஜென் போன்ற விர்ச்சுவல் மெஷின் மென்பொருள்களும் இந்த நடிகர்களைக் கடன் வாங்கியிருக்கின்றன. பெட்டியின் சுவர் எங்கே இருக்கிறது என்று கேட்டால், அதில் பாதி இந்த நடிகர்களால் ஆனது.

நிஜக் கார்டில் டிரைவரும் கார்டும் ஒரே முதலாளியுடையவை. டிரைவர் தப்பான நீளம் சொன்னால் கெட்டுப்போன பாக்கெட் (நெட்வொர்க்கில் போகும் தரவுப் பொட்டலம்) ஒன்று வெளியே போகும், மிஞ்சினால் கணினி தொங்கும். நஷ்டம் அவருக்கே. சிப் கம்பெனி போடும் கையேடும் டிரைவர் எழுதுகிறவர் ஒழுங்காகச் சொல்வார் என்று நம்பித்தான் எழுதப்பட்டிருக்கும். விர்ச்சுவல் மெஷினில் கதை வேறு. டிரைவர் வாடகைக்காரருடையது, கார்டு வீட்டுக்காரருடையது. வாடகைக்காரர் நீட்டுகிற சீட்டில் உள்ள எண்ணை வீட்டுக்காரர் சரிபார்க்காமல் எடுத்துக்கொண்டால், எழுதப்படுவதோ வாசிக்கப்படுவதோ வீட்டுக்காரரின் நினைவகம்.

8139-ல் நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது சட்டென்று புரியும். ஏற்றுமதி அட்டைப்பெட்டியின் மேல் மொத்த எடை போடுகிறோம். அதில் காலிப் பெட்டியின் எடையைக் கழித்தால் சரக்கின் எடை. பாக்கெட்டிலும் அதே கணக்குதான். மொத்த நீளம் ஓரிடத்தில், தலைப்பின் (முகவரி முதலிய விவரம் உள்ள முன்பகுதியின்) நீளம் இன்னோரிடத்தில் எழுதியிருக்கும். கழித்தால் வருவது உள்ளே இருக்கும் தரவின் நீளம். தலைப்பு குறைந்தது 20 பைட். ஒரு விஷமக்காரர் மொத்த நீளம் 19 என்று எழுதி அனுப்புகிறார். 19-ல் 20 போனால் கழித்தல் ஒன்று. அந்த விடையை வைக்க நிரலில் ஒதுக்கியிருந்தது 16 பிட் இடம், அதில் கழித்தல் குறிக்கு வழியே இல்லை. அங்கே கழித்தல் ஒன்று என்பது 65,535 ஆகிவிடும்.

அப்புறம் என்ன? 65,535 பைட் தரவு இருக்கிறது என்று நம்பிய நடிகர் அதைத் துண்டு துண்டாக வெட்டி அனுப்பத் தொடங்குகிறார். சொந்தப் பாக்கெட் முடிந்த பிறகும் வெட்டிக்கொண்டே போகிறார். போவதெல்லாம் க்யூஎமுவின் நினைவகத்தில் பக்கத்தில் கிடப்பவை. கார்டை லூப்பேக்கில், அதாவது அனுப்பியது தனக்கே திரும்பி வரும் முறையில் வைத்திருந்தால், அத்தனையும் உள்ளே இருக்கும் கணினிக்கே வந்து சேரும். பூட்டிய பெட்டி தன் சுவரைத் தானே பிய்த்து உள்ளே கொடுக்கிறது.

இதை அலிபாபா நிறுவனத்து ஆய்வாளர் ஒருவர் கண்டுபிடித்துச் சொன்னார். 2015 ஆகஸ்டில் வெளியானது. பாதுகாப்பு ஓட்டைகளுக்கு எண் கொடுக்கும் சி.வி.இ. பட்டியலில் அது சி.வி.இ-2015-5165. சரிசெய்ய ஏழு சின்னத் திருத்தங்கள். தலைப்பின் நீளம் நியாயமாக இருக்கிறதா, மொத்த நீளம் கையில் உள்ள பாக்கெட்டுக்குள் அடங்குகிறதா, அடுத்து வரும் டிசிபி என்ற இன்னொரு தலைப்புக்கு இடம் மிச்சம் இருக்கிறதா என்று கேட்கிற வரிகள். தப்பாக இருந்தால் அந்த வேலையைத் தாண்டிப் போ, அவ்வளவே. பெட்டி வந்ததும் எடை போட்டுப் பார்க்கிற குடோன் ஆள் செய்கிற வேலை. இதனால் வேகம் குறையும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இரண்டு எண்களை ஒப்பிடுவது கணினிக்கு ஒரு வேலையே இல்லை.

ஆனால் சோதனை வரி இருந்தால் மட்டும் போதுமா? அதே வருடம் ஏஎம்டியின் பிசிநெட் லேன் கார்டாக நடிக்கிற நிரலில் நடந்தது எனக்கு மிகவும் பிடித்த கதை. அதில் பாக்கெட்டைச் சேர்த்து வைக்கும் இடம் 4,096 பைட். ஒரு துண்டு அதிகபட்சம் 4,096 பைட் வரலாம். ஒரு பாக்கெட் பல துண்டுகளாகவும் வரலாம். ஒவ்வொரு துண்டும் தனியாக அடங்கும், கூட்டினால் வழியும். கூட்டுத்தொகையை யாரும் பார்க்கவில்லை. கூகுளில் ஓட்டை தேடும் ப்ராஜெக்ட் ஜீரோ குழு சொன்னபின் 2015 ஜூனில் ஒரு சோதனை வரி சேர்த்தார்கள். இதுவரை வந்ததும் இப்போது வருவதும் சேர்ந்து இடத்தின் அளவைத் தாண்டினால் பாக்கெட்டைச் சத்தமில்லாமல் விட்டுவிடு என்று. அதற்கு மேலே, நிஜக் கார்டு இப்படிச் செய்யாது என்று ஒரு குறிப்பும் எழுதி வைத்தார்கள். எனக்கு அந்தக் குறிப்பு ரொம்பப் பிடிக்கும். நடிப்பில் உண்மையாக இருப்பதைவிட வீட்டைக் காப்பது முக்கியம் என்று அந்த இடத்தில் முடிவெடுத்திருக்கிறார்கள்.

சரி, முடிந்ததா என்றால் இல்லை. லூப்பேக்கில் இருக்கும்போது அந்த நிரல் பாக்கெட்டின் வாலில் சிஆர்சி என்ற சரிபார்ப்பு எண்ணைத் தானே ஒட்டும். அது நான்கு பைட். புதுச் சோதனையின்படி 4,096 பைட் முழுவதும் நிரப்ப அனுமதி உண்டு. நிரம்பிய பிறகு ஒட்டுகிற நான்கு பைட் எங்கே போகும்? இடத்துக்கு அடுத்து இருந்ததன் மேல் விழும். அங்கே இருந்தது, இண்டரப்டை, அதாவது கணினியின் கவனத்தைக் கூப்பிடும் சைகையை, யாரிடம் சொல்ல வேண்டும் என்ற முகவரி. சிஆர்சி ஒன்றும் ரகசிய எண் அல்ல. பாக்கெட்டின் உள்ளடக்கத்தை மாற்றி மாற்றி, வேண்டிய நான்கு பைட்டை வரவழைக்கலாம். சிஹூ 360 நிறுவன ஆய்வாளர்கள் இதைப் பிடித்தார்கள், நவம்பர் கடைசியில் வெளியானது. திருத்தம் என்ன தெரியுமா? ஜூனில் போட்ட அதே வரியில் இடத்தின் அளவிலிருந்து நான்கைக் கழித்தார்கள். தையல்காரர் மடிப்புக்குத் துணி விட மறந்த மாதிரி.

2017-ல் இரண்டு ஆய்வாளர்கள் இந்த இரண்டு ஓட்டைகளையும் சேர்த்துக் காட்டினார்கள். 8139 வழியாக முகவரிகளைத் தெரிந்துகொண்டு, பிசிநெட் வழியாக அந்த நான்கு பைட்டை எழுதி, உள்ளே இருந்து வெளியே உள்ள கணினியில் தங்கள் நிரலை ஓட்டிவிட்டார்கள்.

இவை ஏதோ அந்த வருடத்துக் கெட்ட நேரமும் அல்ல. 2007-லேயே டேவிஸ் ஆர்மண்டி என்ற ஆய்வாளர் என்இ2000 என்ற லேன் கார்டின் நடிகரில் இதே ஜாதி ஓட்டையைக் காட்டியிருந்தார். 2015 மே மாதம் வெனம் என்று பெயர் வைத்துப் பரபரப்பான ஓட்டை ஃப்ளாப்பி டிரைவில் இருந்தது. 2004-லிருந்து நிரலில் கிடந்த ஓட்டை. ஃப்ளாப்பி டிரைவ் வேண்டாம் என்று நிறுத்தி வைத்தவர்களுக்கும் அது பொருந்தியது. ஃப்ளாப்பியை யார் பார்த்து எத்தனை வருடம் ஆயிற்று!

இப்போது என் கதைக்கு வருகிறேன். அந்தப் பனியன் கம்பெனி முதலாளிக்கு ஓடுகிற எதையும் தொடக் கூடாது. "ஏனுங்க தம்பி, ஓடற மெஷினை எதுக்கு நிறுத்தோணும்?" என்பார். நானும் வெளியே உள்ள உபுண்டுவுக்கு அப்டேட் போடாமல் விட்டுவிட்டேன். பெட்டி பூட்டித்தானே இருக்கிறது என்ற நினைப்பு. 2016-ல் யாரோ பென் டிரைவ் சொருகி எக்ஸ்பிக்குள் வைரஸ் வந்தது. உள்ளேதானே இருக்கிறது, சனிக்கிழமை சம்பளம் முடியட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நானே சொன்னேன். எக்ஸ்பியில் எல்லோரும் அட்மினாகத்தான் உட்காருவார்கள் என்பதோ, அட்மின் அதிகாரம் கிடைத்த வைரஸ் டிரைவர் மட்டத்தில் எதை வேண்டுமானாலும் பேசும் என்பதோ எனக்கு உறைக்கவில்லை. அதிர்ஷ்டவசமாக அது சாதாரண வைரஸ், வெளியே வரத் தெரியாதது. துடைத்து எடுத்த பிறகுதான் 8139 விஷயத்தைப் படித்தேன். அன்று இரவு தூக்கம் இல்லை.

மறுநாள் ஓடிப்போய் அப்டேட் போட்டேன். எக்ஸ்பியை ரீஸ்டார்ட் செய்துவிட்டு டீ குடித்து வந்துவிட்டேன். இங்கேதான் இரண்டாவது தப்பு. மூன்று வாரம் கழித்து வேறு வேலையாகப் போனபோது வெளியே உள்ள கணினியில் எந்தெந்த நிரல் எப்போதிலிருந்து ஓடுகிறது என்று தற்செயலாகப் பார்த்தேன். க்யூஎமு ஓடத் தொடங்கிய தேதி அப்டேட்டுக்கு இரண்டு மாதம் முந்தையது! உள்ளே எக்ஸ்பி ரீஸ்டார்ட் ஆனாலும் வெளியே க்யூஎமு நிற்பதில்லை. நாடகத்தில் அடுத்த காட்சி வந்துவிட்டது, நடிகர் அதே ஆள். டிஸ்கில் புது நிரல் இருக்கிறது, நினைவகத்தில் ஓடுவது பழைய நிரல். எக்ஸ்பியை முழுக்க ஷட் டவுன் செய்து, க்யூஎமு வெளியேறியதைப் பார்த்துவிட்டு, மறுபடி தொடங்கினால்தான் திருத்தம் உள்ளே வரும். இதை எந்தக் கட்டுரையிலும் நான் படிக்கவில்லை, அடிபட்டுத்தான் தெரிந்துகொண்டேன். உங்கள் வாசகர்களில் ஒருவராவது இன்று தன் சர்வரில் அந்தத் தேதியைப் பார்த்தால் எனக்குத் திருப்தி.

வெர்ஷன் எண்ணைப் பார்த்து முடிவு செய்வதும் சரிவராது. உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ்கள் பழைய எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு திருத்தத்தை மட்டும் உள்ளே சேர்ப்பது வழக்கம். அந்தந்தத் தொகுப்பின் மாற்றக் குறிப்பில் சி.வி.இ. எண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கடைசியாக, நெட்வொர்க் தேவையே இல்லாத விர்ச்சுவல் மெஷினிலிருந்து லேன் கார்டைக் கழற்றிவிடலாம். ஸ்க்ரூ டிரைவர்கூட வேண்டாம். கல்லூரி லேப்களில் பயிற்சிக்காக வைத்திருக்கும் பெட்டிகளில் பாதிக்கு அந்தக் கார்டு சும்மாதான் சொருகியிருக்கிறது. நான் போய்ப் பார்த்த ஒரு லேபில் ஒவ்வொன்றிலும் இரண்டு இருந்தன. கேட்டதற்கு, முன்னாடி இருந்த சார் போட்டது என்றார்கள்.

எனவே வழியே கிடையாது என்ற அந்த வரியை மட்டும் திருத்தி, அடுத்த ஞாயிறு ஒரு மூலையிலாவது போடும்படி கேட்டுக்கொள்கிறேன். மற்றபடி கட்டுரையில் குறை இல்லை. கடிதத்தை வெளியிட்டால் என் பெயரையும் கடைப் பெயரையும் விட்டுவிடுங்கள். அந்த முதலாளி தினமும் காலையில் டீயோடு உங்கள் பத்திரிகையைத்தான் படிக்கிறார். மூன்று வாரக் கதையை நான் இன்னும் அவரிடம் சொல்லவில்லை.

இப்படிக்கு,
கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்யும் வாசகர்,
திருப்பூர்.