ஆய்வின் பயனை மேற்கோள் எண்ணிக்கை மட்டும் காட்டாது

ஆசிரியர் அவர்களுக்கு,

ஓர் ஆய்வுக் கட்டுரை பிற ஆய்வுகளில் எத்தனை தடவை மேற்கோள் காட்டப்பட்டிருக்கிறது என்பதை வைத்து ஆய்வையும் ஆய்வாளரையும் எடைபோடும் வழக்கம் எங்கள் பல்கலைக்கழகங்களிலும் வேரூன்றி வருகிறது. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியல் பீடமும் இயங்குகின்றன. வவுனியா வளாகம் 2021 இல் தனிப் பல்கலைக்கழகமாகத் தரமுயர்ந்தது. ஆகவே இந்த அளவுகோல் எதைத் தவறவிடுகிறது என்பது வன்னி மக்களுக்கும் உரிய கேள்வியாகும்.

1960களில் அமெரிக்கத் தகவலியலாளர் இயூஜின் கார்ஃபீல்ட், எந்த ஆய்வை எவை மேற்கோள் காட்டின என்று பட்டியலிடும் மேற்கோள் சுட்டியை உருவாக்கியபோது, ஓர் ஆய்வைப் பின்பற்றி வந்த ஆய்வுகளைத் தேடிப் பிடிப்பதே அதன் முதல் நோக்கமாக இருந்தது. 2004 இல் ஆய்வுக் கட்டுரைகளுக்கான இலவசத் தேடுபொறியான கூகுள் ஸ்கொலர் வந்த பின்னர், பணம் கட்டிச் சந்தா பெற வசதியில்லாத மாணவருக்கும் அந்தத் தேடல் கைக்கெட்டியது. இது பெரிய நன்மை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் 2005 இல் இயற்பியலாளர் ஹேர்ஷ் முன்வைத்த, ஆய்வாளரின் கட்டுரைகளையும் மேற்கோள்களையும் சேர்த்து ஒரே எண்ணாக்கும் எச்-சுட்டெண் போன்றவை வந்ததும், தேடுவதற்கென்று பிறந்த கருவி பதவி உயர்வையும் பரிசையும் தீர்மானிக்கத் தொடங்கிவிட்டது.

உசாத்துணைப் பட்டியல் எழுதுபவருடைய பயன்பாடு மட்டுமே மேற்கோளாகப் பதிவாகும். பரந்தனில் பி.ஜி. 352 நெல்லினத்தை விதைக்கும் கமக்காரர், பத்தலகொட நெல் ஆராய்ச்சி நிலையத்தின் பல்லாண்டு உழைப்பை வயலில் இறக்குகிறார். அது எந்தக் கணக்கிலும் ஏறாது. விதைநெல்லிலாவது இனத்தின் பெயரில் உள்ள பி.ஜி. என்ற எழுத்துக்களே அது பிறந்த பத்தலகொடவைச் சொல்லிவிடுகின்றன. ஆலோசனைக்கு அந்த அடையாளமும் இல்லை. கமநல சேவை நிலையத்து அறிவித்தல் பலகையில் நெற்பயிரின் சாற்றை உறிஞ்சும் கபிலத் தத்திப் பூச்சி பற்றி ஒட்டப்படும் துண்டுப்பிரசுரத்தைப் பாருங்கள். நெருக்கமாக விதைக்காதீர்கள், யூரியாவை அளவுக்கு மேல் இடாதீர்கள், தத்தி கண்டால் வயல் நீரை வடித்துவிடுங்கள் என்று அதில் இருக்கும். அந்த மூன்று வரிகளுக்குப் பின்னால் எத்தனையோ பரிசோதனை வயல்கள் உண்டு. ஆனால் யாருடைய ஆய்வு, எந்த ஆண்டு செய்தது என்ற குறிப்பைக் காண்பது அரிது.

தமிழில் எழுதப்படும் அறிக்கைகளின் நிலை இன்னும் மோசம். யுனிகோட் அல்லாத, ஆங்கில எழுத்துக்களுக்குத் தமிழ் வடிவம் மட்டும் தரும் பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்து பிடிஎஃப் ஆக்கிய கோப்பைத் திறந்தால் எங்கள் கண்ணுக்குத் தமிழாகத்தான் தெரியும். தேடுபொறிக்கோ அது பொருளற்ற ஆங்கில எழுத்துக்களின் குவியல். அச்சுப் பிரதியைப் படமாக வருடி ஏற்றினாலும் இதே கதைதான். ஐந்து மெகாபைட்டுக்கு மேற்பட்ட கோப்புகளைக் கூகுள் ஸ்கொலர் ஏற்பதில்லை என்பதையும் பதிவேற்றுபவர்கள் பலர் அறிவதில்லை. இப்படிக் கண்ணுக்குத் தப்பிய ஆய்வை “மேற்கோள் இல்லாதது” என்று ஒதுக்குவது பெரும் அநியாயம்.

ஆய்வை எண்களால் மதிப்பிடுவதற்கு நெறி வகுத்து 2015 இல் வெளிவந்த லெய்டன் அறிக்கை, உள்ளூர்த் தேவைக்குரிய சிறந்த ஆய்வைப் பாதுகாக்க வேண்டும் என்பதைத் தன் பத்துக் கொள்கைகளுள் ஒன்றாக வைத்திருக்கிறது. இரணைமடுக் குளத்தின் நீர்ப் பங்கீட்டையோ வவுனியாக் கிராமங்களின் கிணற்று நீரையும் சிறுநீரக நோயையுமோ ஆராயும் இளம் விரிவுரையாளர், வெளிநாட்டுச் சஞ்சிகை விரும்பும் தலைப்புக்காக அவற்றைக் கைவிடும் நிலை வரக்கூடாது.

ஆகவே பல்கலைக்கழகங்களிடம் கேட்பது இதுதான்: வன்னி பற்றிய ஒவ்வோர் ஆய்வுக்கும் யுனிகோட் தமிழில் ஒரு சுருக்கத்தை எழுதி, டிஓஐ போன்ற, இணையத்தில் மாறாத அடையாள எண்ணுடன் திறந்த களஞ்சியத்தில் வையுங்கள், பதவி உயர்வு விண்ணப்பத்தில் மேற்கோள்களுக்குப் பக்கத்திலேயே, அந்த ஆய்வைத் திணைக்களங்களும் கமக்காரர் அமைப்புகளும் கையாண்டதற்கான சான்றையும் ஏற்றுக்கொள்ளுங்கள். விவசாய, நீர்ப்பாசன, சுகாதாரத் திணைக்களங்கள் தம் பங்குக்கு, அடுத்த காலபோகத்துக்கு அச்சிடும் பிரசுரங்களிலிருந்தே, ஆதாரமான ஆய்வின் பெயரையும் ஆண்டையும் அடியில் ஒரு வரியாகச் சேர்க்கலாம். அதற்கு மேலதிகச் செலவு எதுவும் இல்லை.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற விவசாயப் போதனாசிரியர்,
கிளிநொச்சி.