அண்ணே, ஈலை பெயர் பட்டியலில் இல்லை

அண்ணே,

வியாழக்கிழமை ராத்திரி நியூ ஆர்லியன்ஸில் 2025 ஹால் ஆஃப் ஃபேம் பட்டியலை வாசித்தார்கள். நான்கே பேர். நீங்களும் பார்த்திருப்பீர்கள். டிவியை அணைத்துவிட்டு எதுவும் பேசாமல் போய்ப் படுத்திருப்பீர்கள்.

ஏழு வருஷமாக ஒரு போன்கூடப் பண்ணாதவன், ஒரு ஆட்டக்காரர் பெயர் விட்டுப்போனதற்காக எழுத உட்கார்ந்திருக்கிறான். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் இரண்டு நீலக் கோடு விழும், பதில் வராது. அந்தப் பயத்தில்தான் நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன். நாலு பேர் படிப்பதால் சிலதை எழுத முடியாது. அதையும் புரிந்துகொள்வீர்கள்.

(மற்றவர்களுக்காக ஒரு வரி: ஈலை மானிங், அமெரிக்கக் கால்பந்தில் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியின் குவாட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவர். 16 சீசன், ஒரே அணி, சூப்பர் பவுல் என்கிற இறுதி ஆட்டத்தில் இரண்டு வெற்றி. ஓய்வு பெற்று ஐந்து வருஷம் கழிந்ததால், பெரிய ஆட்டக்காரர்களைக் கௌரவிக்கிற ஹால் ஆஃப் ஃபேமுக்கு அவர் பெயர் முதல் தடவையாக வந்தது. உள்ளே போகத் தேர்வுக் குழுவில் 80 சதவீத ஓட்டு வேண்டும். அந்தக் கடைசி ஓட்டுவரைகூட அவர் பெயர் போகவில்லை.)

2008 பிப்ரவரி 3, சூப்பர் பவுல். நான் அமெரிக்கா வந்து ஐந்து மாசம். கால்பந்து என்று பெயர் வைத்துவிட்டு எதற்கு இப்படிக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிறார்கள் என்று கேட்டேன். "வாயை மூடிட்டுப் பாரு" என்றீர்கள். மதினி மெதுவடை சுட்டுப் போட்டுக்கொண்டே இருந்தார். எதிரே ஒரு ஆட்டம்கூடத் தோற்காத பேட்ரியாட்ஸ். நாம் 14-10 என்று பின்தங்கியிருந்தோம். ஒன்றேகால் நிமிஷம் பாக்கி, மூன்றாவது முயற்சி, ஐந்து கெஜம் வேண்டும். அப்புறம் ஈலை எறிந்த பந்தை நம்ம டேவிட் டைரீ தன் ஹெல்மெட்டோடு சேர்த்து அழுத்திப் பிடித்தார். நீங்கள் சோபாவிலிருந்து எழுந்த வேகத்தில் சட்னிக் கிண்ணம் கவிழ்ந்தது.

எனக்கு நினைவில் நிற்பது அது இல்லை. மறுநாள் சாயந்திரம் பதிவு பண்ணி வைத்திருந்ததைப் போட்டு, பந்து கையை விட்டுப் போவதற்கு முந்தின நொடியில் நிறுத்தினீர்கள். மிச்சமிருந்த வடை ஒன்று உங்கள் கையில். "எல்லாரும் அந்த ஹெல்மெட்டைப் பாக்கிறான். நீ இவன் சட்டையைப் பாரு." இரண்டு தடியர்கள் சட்டையைப் பிடித்து இழுக்கிறார்கள், துணி கூடாரம் மாதிரி விரிந்து நிற்கிறது. ஈலை கண் மட்டும் எங்கோ தூரத்தில். "விழுந்திருக்கணும். விழலை பாத்தியா?" என்று திரையில் விரலை வைத்தீர்கள். அந்த எண்ணெய்த் தடம் கொஞ்ச நாள் அப்படியே இருந்தது. மதினி துணியோடு வந்தால் கத்துவீர்கள்.

அந்த ஆளைப் பற்றித்தான் நான் பத்து வருஷம் உங்களோடு சண்டை போட்டேன். 2013ல் 27 இன்டர்செப்ஷன், அதாவது எறிந்த பந்து 27 தடவை எதிராளி கைக்குப் போனது. பிளேஆஃப் (நாக்-அவுட் சுற்று) வெற்றி மொத்தம் எட்டு, எட்டும் இரண்டே சீசனில் வந்தவை. நான்தான் எக்செல் போட்டு அனுப்பினேன். நீங்கள் ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை என்று எனக்குத் தெரியும்.

2017 நவம்பர் 28, செவ்வாய்க்கிழமை. 210 ஆட்டம் விடாமல் ஆடியவரை உட்கார வைக்கிறோம் என்று அறிவித்தார்கள். லாக்கர் முன்னால் நின்று அவர் கண் கலங்கியதைப் பார்த்துவிட்டு உங்களுக்கு ஒரு மெசேஜ் அனுப்பினேன்: "வயசானா எந்திரிச்சு இடம் குடுக்கணும்ல அண்ணே."

அன்றைக்கு மத்தியானம் ஆபீஸில் உங்களுக்கு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. சனிக்கிழமைதான், அதுவும் வேறொருவர் சொல்லித்தான் தெரிந்தது. என்ன நடந்தது என்று இங்கே எழுத மாட்டேன், படிப்பவர்களில் பாதிப் பேர் நம்ம ஆட்கள். தெரிந்த பிறகு நான் வந்திருக்க வேண்டும். வரவில்லை. எனக்கு அப்போது விசா பிரச்சினை, கைக்குழந்தை வேறு. இதெல்லாம் காரணமா என்றால் இல்லை. ஆனால் பொய்யும் இல்லை.

தெரியாமல் விழுந்த ஒரு வரிக்கு ஏழு வருஷமா அண்ணே? வீட்டைக் காலி பண்ணும்போதுகூட ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த டிவியை யாருக்கோ சும்மா கொடுத்துவிட்டீர்களாம். எனக்குக் கொடுத்திருக்கலாம்.

சரி, ஈலை விஷயத்துக்கு வருகிறேன்.

இப்போதும் அந்தக் கணக்கு என்னை உறுத்துகிறது. 117 வெற்றி, 117 தோல்வி. அதுவும் கடைசி ஆட்டத்தில் மயாமியை ஜெயித்துத்தான் சமமானது. 2019 டிசம்பரில் அந்த ஆட்டத்துக்கு நான் தனியாகப் போயிருந்தேன். நீங்கள் வழக்கமாக உட்காரும் வரிசையை இரண்டு தடவை திரும்பிப் பார்த்தேன்.

அந்தக் காலத்துக் குவாட்டர்பேக் ஜோ நேமத் ஹால் ஆஃப் ஃபேம் உள்ளே இருக்கிறாரே என்பீர்கள். டச்டவுனை (பந்தைக் கோட்டுக்கு அப்பால் சேர்த்துப் புள்ளி எடுப்பது) விட இன்டர்செப்ஷன் அதிகம் போட்டவர், 1969 ஜனவரியில் சூப்பர் பவுல் ஜெயித்த ஒரு ஞாயிற்றுக்கிழமைக்காகவே சேர்த்துக்கொண்டார்கள் என்பீர்கள். ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் இன்னொரு பழைய குவாட்டர்பேக் ஜிம் பிளங்கெட்? 72 வெற்றி, 72 தோல்வி, இரண்டு சூப்பர் பவுல். அச்சாக அதே கதை, இன்னும் வெளியேதான் நிற்கிறார். அவருக்காக நீங்கள் ஒரு நாளாவது வாய் திறந்ததுண்டா? ஜயன்ட்ஸ் சட்டை போட்டிருந்தால் திறந்திருப்பீர்கள்.

இருந்தாலும் என் கையில் ஓட்டு இருந்தால் ஈலைக்குப் போடுவேன். முதல் வருஷமே வேண்டாம், இரண்டு மூன்று வருஷம் நிற்கட்டும் என்றுதான் போன வாரம் வரை நினைத்தேன். பழைய ஆட்டம் ஒன்றை மறுபடி போட்டுப் பார்த்த பிறகு அதுவும் மாறிவிட்டது. 2012 ஜனவரி, சான் பிரான்சிஸ்கோ, மழை. 58 தடவை எறிந்தார், ஆறு தடவை தூக்கிப் போட்டு மிதித்தார்கள், ஒரு பந்துகூட எதிராளி கைக்குப் போகவில்லை. ஹெல்மெட் கோணிக்கொண்டு, தோளில் சேறு. ஒவ்வொரு தடவையும் எழுந்து, பஸ் தாமதமானதற்கு எரிச்சல்படுகிற ஆள் மாதிரி அடுத்த முயற்சிக்கான திட்டத்தை அணியிடம் சொல்லப் போகிறார். இதை எந்த எக்செல்லில் எந்தக் கட்டத்தில் போடுவது?

இன்னொன்றும் இருக்கிறது. 2017ல் அவரை உட்கார வைத்தபோது, முதல் பாதி மட்டும் ஆடு, தொடர் எண்ணிக்கை அறுபடாமல் இருக்கும் என்றார்கள். வேண்டாம் என்றுவிட்டார். அன்றைக்கு அது எனக்கு வீம்பாகத் தெரிந்தது. உங்களிடமும் அதே மாதிரி ஏதோ ஒன்றை நீட்டினார்கள் என்று கேள்விப்பட்டேன். நீங்களும்... சரி, விடுங்கள். அதை நேரில் பேசுவோம்.

அந்த மெசேஜுக்கு மன்னித்துக்கொள்ளுங்கள். எக்செல்லுக்கு மன்னிப்பு கேட்க மாட்டேன்.

மதினியைக் கேட்டதாகச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை சூப்பர் பவுல் ஆரம்பிக்கும் முன் கூப்பிடுகிறேன், என் எண் மாறவில்லை. எடுப்பதும் எடுக்காததும் உங்கள் இஷ்டம். எடுப்பதாக இருந்தால் பிளங்கெட்டுக்கு என்ன பதில் என்று யோசித்து வையுங்கள்.